ரீட்மீ பக்கத்தில் பில்ட், கவரேஜ் சின்னங்கள்: எவற்றை வைப்பது, எவற்றை எடுத்துவிடுவது?

கேள்வி: வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். குளத்தின் நீர்மட்டத்தை அடியிலும் அங்குலத்திலும் பதிந்தால், அதற்குரிய கொள்ளளவை ஏக்கர் அடியில் கணித்துக் காட்டும் சிறிய திறந்தமூல மென்பொருள் ஒன்றை நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறோம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் பேசப்படும்போது, கமக்காரர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலேயே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். நிரல் பைத்தானில் எழுதப்பட்டு, நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்), தானாகச் சோதனை ஓட்டும் சேவையான கிட்ஹப் அக்‌ஷன்ஸில் சோதனைகள் ஓடுகின்றன.

எங்கள் ரீட்மீயின், அதாவது திட்டத்தின் பக்கத்தைத் திறந்ததும் தெரியும் அறிமுகக் கோப்பின், தலைப்பகுதியில் இப்போது ஒன்பது சின்னங்கள் (பேட்ஜ்கள்) இருக்கின்றன. பில்ட் நிலை (கடைசிச் சோதனை ஓட்டம் தேறியதா என்பது), கவரேஜ் (சோதனைகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்பது), உரிமம், பைத்தான் பதிப்பு, கடைசிக் கமிட்டின் நாள், பதிவிறக்கத் தொகை, நிரல் நடை, அரட்டைக் குழு ஆகியவற்றோடு, நாங்கள் பார்த்து எழுதிய பழைய திட்டம் ஒன்றின் ரீட்மீயிலிருந்து அப்படியே வந்துவிட்ட, டிராவிஸ் சிஐ என்ற வேறொரு சோதனைச் சேவையின் சின்னமும் அங்கே நிற்கிறது. அந்தக் கடைசிச் சின்னம் படமாகவே வருவதில்லை. பதிவிறக்கச் சின்னம் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் வைத்தபோது, ஒழுங்கான திட்டங்கள் அனைத்தும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணினோமே தவிர, ஒவ்வொன்றும் யாருக்கு என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

இதை இங்கே கேட்க வைத்த நிகழ்வு ஒன்று உண்டு. சென்ற மாதம் எங்கள் பக்கத்தைத் தொடர்ந்து பார்க்கும் கமக்காரர் ஐயா ஒருவர் அதிலிருந்த வரைபடத்தை எங்களிடம் காட்டினார். 28 அடி 9 அங்குலத்துக்கு நாங்கள் காட்டிய கொள்ளளவைவிட 28 அடி 10 அங்குலத்துக்குக் காட்டியது குறைவாக இருந்தது. "மட்டம் ஏறத் தண்ணி குறையுமோ, பிள்ளையள்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தபோது, அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்ப்பதற்குப் பதிலாக, அடிக்குப் பின்னால் புள்ளி வைத்து அங்குலத்தை அப்படியே ஒட்டி எண்ணாக்கியிருந்தோம். அதனால் 28.75 ஆக வேண்டிய 28 அடி 9 அங்குலம் 28.9 ஆகவும், 28.83 ஆக வேண்டிய 28 அடி 10 அங்குலம் 28.10, அதாவது 28.1 ஆகவும் மாறியிருந்தன.

அன்றும் எங்கள் ரீட்மீயில் பில்ட் பச்சையாகவே இருந்தது. கவரேஜ் 91 சதவீதம் என்று அதுவும் பச்சையாகவே இருந்தது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைக் கண்ட ஊரில், நீர்மட்ட எண் ஒன்றைத் தவறாகக் காட்டுவது சிறிய பிழை அன்று என்பதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம். நிரலைத் திருத்திவிட்டோம். ஆனால் அந்தப் பச்சைச் சின்னங்களை இனி எந்த மனத்தோடு வைத்திருப்பது என்று தெரியவில்லை.

எனவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். இந்த ஒன்பதில் எவற்றை வைத்திருக்கலாம்? சோதனை தோற்ற பிறகும் சில நேரம் சின்னம் பச்சையாகவே நிற்பது ஏன்? கவரேஜ் எண்ணைக் காட்டுவது நல்லதா, அல்லது பார்ப்பவரைத் தவறாக நம்பவைக்கும் என்று எடுத்துவிடுவதுதான் நேர்மையா?

பதில்: பண்டாரிகுளம் (வவுனியா)

வணக்கம். பிழையை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் விரிவாகப் பதில் சொல்ல முடியும். கவரேஜைப் பற்றி முத்தையன்கட்டு அக்கா எழுதினால் நன்றாக இருக்கும், அவர் சோதனைப் பொறியியலிலேயே பல ஆண்டுகள் வேலை செய்தவர்.

சின்னம் என்பது வேறொரு சேவையகத்திலிருந்து வரும் சிறிய எஸ்விஜி படம் மட்டுமே. ரீட்மீக்குள் இருப்பது அந்தப் படத்தின் முகவரிதான். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது அந்த முகவரிக்குக் கோரிக்கை போகிறது, அங்கே அந்த நேரத்தில் பதிவாகியிருக்கும் நிலை நிறமாகவும் சொல்லாகவும் திரும்பி வருகிறது. ஆனால் கிட்ஹப் வெளித் தளங்களின் படங்களை வாசகரின் உலாவிக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. தனது கமோ என்ற இடைநிலைச் சேவையகம் வழியாகவே எடுத்துக் கொடுக்கிறது. வாசகர் யார், எங்கிருந்து பார்க்கிறார் என்பது அந்த வெளித் தளத்துக்குத் தெரியாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. அந்த இடைநிலையில் படம் சிறிது நேரம் சேமித்து வைக்கப்படுவதால், சோதனை தோற்ற பிறகும் பழைய பச்சைப் படமே சில நேரம் வரலாம். படத்தை அனுப்பும் சேவை தனது பதிலின் தலைப்பில் எவ்வளவு நேரம் சேமிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தாமதம் கூடும் அல்லது குறையும்.

தாமதம் தானாகவே சரியாகிவிடும் என்பதால் அதைவிட முக்கியமான வேறு காரணங்களை நீங்கள் பார்க்க வேண்டும். கிட்ஹப் அக்‌ஷன்ஸின் சின்னம், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், திட்டத்தின் இயல்புக் கிளையின் (பொதுவாக மெயின் எனப்படும் முதன்மைப் பிரதியின்) நிலையைக் காட்டும். இன்னொரு கிளையில் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் தோற்றால் சின்னம் சிவக்காது, சிவக்கவும் கூடாது. சின்னத்தின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி இட்டு, பிராஞ்ச் என்ற அளவுருவுக்கு மெயின் என்றும், ஈவென்ட் என்ற அளவுருவுக்குப் புஷ் என்றும் எழுதிவிடுங்கள். அப்போது புல் ரிக்குவெஸ்டுகளுக்காக (மெயினில் சேர்க்கும்படி கேட்டு வரும் மாற்றங்களுக்காக) ஓடிய சோதனைகளின் முடிவு அதில் கலக்காது. மெயின் கிளையில் உண்மையில் சேர்ந்துவிட்ட நிரலின் நிலை மட்டுமே தெரியும்.

அடுத்ததாக, சோதனைகளை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் உங்கள் வேர்க்ஃப்ளோ கோப்பை ஒருமுறை வரி வரியாக வாசியுங்கள். தவறு நேர்ந்தாலும் தொடர்ந்து போ என்று சொல்லும் அமைப்பு எங்காவது இருந்தால், சோதனைகள் தோற்றாலும் முழு ஓட்டமும் வெற்றி என்றே முடியும், சின்னமும் பச்சையாகவே இருக்கும். நான் பொறுப்பேற்ற ஒரு திட்டத்தில், யாரோ அவசரத்துக்கு இட்ட அப்படியான ஒரு வரி ஏழு மாதம் அங்கேயே கிடந்தது. அந்த ஏழு மாதமும் நாங்கள் பார்த்து மகிழ்ந்த பச்சைக்கு எந்தப் பொருளும் இருக்கவில்லை. அதேபோல, சோதனைக் கோப்புகளின் பெயரை மாற்றியதால் ஒரு சோதனைகூட எடுக்கப்படாமல் போவதும் உண்டு. பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி அப்படியான வேளையில் தோல்வி என்றே முடிகிறது. ஆனால் பைத்தானோடு வரும் யுனிட்டெஸ்ட், 3.12 பதிப்புக்கு முன்னர், ஒரு சோதனையும் ஓடாவிட்டாலும் வெற்றி என்று முடிந்துவிடும். நீங்கள் பழைய பதிப்பில் யுனிட்டெஸ்ட் பயன்படுத்தினால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

நேர அட்டவணைப்படி ஓடும் சோதனை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள்: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள்கள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் கிட்ஹப் அந்த அட்டவணை ஓட்டத்தைத் தானாகவே நிறுத்திவிடும். உங்கள் திட்டம் போகத்துக்குப் போகம் உயிர்பெறும் திட்டம். காலபோக விதைப்பு முடிந்ததும் இரண்டு மாதம் யாரும் நிரலைத் தொடாமல் இருப்பது இயல்பு. அதன் பின் சின்னம் காட்டுவது கடைசியாக ஓடிய பழைய முடிவைத்தான், இன்றைய நிலையை அன்று.

டிராவிஸ் சின்னத்தை இன்றே எடுத்துவிடுங்கள். 2011இல் பெர்லினில் தொடங்கிய டிராவிஸ் சிஐ, திறந்தமூலத் திட்டங்களுக்கு இலவசமாகச் சோதனை ஓட்டிக் கொடுத்ததால், ரீட்மீயில் பில்ட் சின்னம் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தத் திறந்தமூலத் திட்டங்கள் இருந்த பழைய ஓஆர்ஜி தளம் 2021 ஜூன் 15உடன் மூடப்பட்டது. பல்லாயிரம் ரீட்மீக்களில் அந்த முகவரிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. உடைந்த படம் ஒன்றைப் பார்ப்பவர், இந்தத் திட்டத்தை யாரும் கவனிப்பதில்லை என்றே முடிவுசெய்வார். உங்கள் திட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மையல்ல.

ஒன்பதில் எதை வைப்பது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இது. இந்தச் சின்னம் நிறம் மாறினால் உங்கள் நால்வரில் யாராவது அன்றைக்கே எழுந்து எதையாவது செய்வீர்களா? செய்வீர்கள் என்றால் வைக்கலாம். பில்ட் சின்னம் அந்தக் கேள்வியில் நிற்கும். உரிமமும் பைத்தான் பதிப்பும் மாறுவதே இல்லை, அவற்றை ஒரு வாக்கியமாக எழுதினாலே போதும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இருக்கும் என்பிஎம் களஞ்சியத்தின் திட்டங்களைப் பெருமளவில் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும், வெறும் தகவலைச் சொல்லும் சின்னங்களைவிட, பின்னால் உண்மையான சோதனையோ பகுப்பாய்வோ ஓடும் சின்னங்களே திட்டத்தின் தரத்தை நம்பத்தக்க முறையில் காட்டுகின்றன என்று கண்டது. என் அனுபவமும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னத்தை வெறும் படமாக விடாமல், அதை அழுத்தினால் அந்தச் சோதனை ஓடிய பக்கத்துக்கே போகும்படி தொடுப்புக் கொடுங்கள். சிவப்பைக் காண்பவர் ஏன் சிவப்பு என்று தானே பார்க்க வழி இருக்க வேண்டும்.

பதில்: நந்திக்கடல் (முல்லைத்தீவு)

பண்டாரிகுளம் அண்ணா சொன்னவற்றோடு ஒரு சிறிய விடயத்தைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இணையம் விட்டு விட்டுத்தான் வரும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். ரீட்மீ திறக்கும்போது ஒன்பது படங்களும் ஒன்பது தனிக் கோரிக்கைகளாகப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எழுத்து வந்துவிடும், சின்னங்கள் இருந்த இடம் வெறுமையாகவே நிற்கும்.

அதனால் ஒவ்வொரு சின்னத்துக்கும் மாற்று உரையைப் பொருளோடு எழுதுங்கள். பலர் அங்கே "பேட்ஜ்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். "மெயின் கிளையின் சோதனை நிலை" என்று எழுதினால், படம் வராதபோதும் அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பான் மூலம் கேட்கும்போதும் அதுதான் ஒலிக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் இதற்குள் அடங்கும். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சின்னத்தின் மேல் இருக்கும் சொல்தான் செய்தி.

பதில்: முத்தையன்கட்டு

பண்டாரிகுளம் என்னை அழைத்ததால் எழுதுகிறேன். கவரேஜ் எண்ணைக் காட்டலாமா என்ற கேள்விக்கு முன், அந்த எண் எதை அளக்கிறது என்பதில் நாம் ஒத்த கருத்துக்கு வர வேண்டும்.

கவரேஜ் என்பது, சோதனைகள் ஓடியபோது நிரலின் எத்தனை வரிகள் ஒருமுறையாவது இயங்கின என்ற கணக்கு. அந்த வரி சரியான விடையைத் தந்ததா என்று அது கேட்பதில்லை. நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு சொல்வதென்றால், குளத்தின் துருசு (மதகு) திறந்து, வாய்க்கால் வழியே தண்ணீர் ஓடியதா என்பதைத்தான் கவரேஜ் பார்க்கிறது. வாய்க்காலின் கடைசி வயலில் பயிர் நனைந்ததா என்பதை வயலுக்குப் போய்ப் பார்ப்பது அசர்ட்டின், அதாவது விடையைச் சரிபார்க்கும் சோதனை வரியின், வேலை. உங்கள் அங்குலக் கணக்கு வரி சோதனையில் ஓடியிருக்கிறது, அதனால்தான் 91க்குள் அதுவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் விடையை யாரும் சரிபார்க்கவில்லை, அல்லது 28 அடி 0 அங்குலம் போன்ற, பிழை வெளிப்படாத ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் சரிபார்த்திருப்பீர்கள். உங்கள் சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள். விடை வெறுமையாக இல்லை என்று மட்டும் உறுதிசெய்யும் வரி ஒன்று அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சிலர் இங்கே கிளை அளவீட்டைப் பரிந்துரைப்பார்கள் (இங்கே கிளை என்பது மெயின் போன்ற கிளை அன்று, நிரலின் நிபந்தனையில் பிரியும் கிளை). பைத்தானின் கவரேஜ் கருவி இயல்பாக வரிகளை மட்டுமே எண்ணும். நாம் கேட்டால்தான், ஒரு நிபந்தனையின் இரு பக்கமும் ஓடினவா என்று பார்க்கும். அதை இயக்கி வையுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் பிழையை அதுவும் பிடித்திருக்காது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடிக்குப் பின்னால் அங்குலத்தை ஒட்டிய அந்த வரியில் நிபந்தனையே இல்லை, ஆகவே பிரிந்து செல்லும் கிளையும் இல்லை.

அந்தப் பிழையைப் பிடித்தது அந்த ஐயாவின் கேள்வி. மட்டம் ஏறினால் கொள்ளளவு குறையக் கூடாது என்பதை அவர் குளக்கட்டில் நின்றே அறிந்திருக்கிறார். அதை அப்படியே ஒரு சோதனையாக எழுதுங்கள். 0 அடியிலிருந்து குளம் நிரம்பும் மட்டம் வரை ஒவ்வோர் அங்குலமாக ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு விடையும் முந்தைய விடையைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தனித்தனி எண்களுக்கு விடை எழுதி வைப்பதோடு, எப்போதும் மாறாத இத்தகைய பண்பு ஒன்றைச் சோதிப்பதற்குப் பைத்தானில் ஹைப்பொதெசிஸ் என்ற நூலகமும் இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்குக்குச் சாதாரணமான ஒரு வளையமே போதும். 36 அடி வரைக்கும் பார்த்தாலும் 432 அங்குலந்தான், கணனிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. இந்த ஒரு சோதனையால் கவரேஜ் எண் ஒரு புள்ளிகூட ஏறாது. ஆனால் நீங்கள் இதுவரை எழுதிய எல்லாச் சோதனைகளையும்விட இது பெறுமதியானது.

சோதனைகள் உண்மையில் காவல் காக்கின்றனவா என்று அறிய விரும்பினால், 1970களிலேயே முன்வைக்கப்பட்ட மியூட்டேஷன் சோதனை என்ற முறை இருக்கிறது. கருவி உங்கள் நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தும்: கூட்டலைக் கழித்தலாக்கும், 12ஐ 13 ஆக்கும். அப்போது உங்கள் சோதனைகளில் ஒன்றாவது தோற்க வேண்டும். ஒன்றும் தோற்காவிட்டால் அந்த வரி காவலின்றிக் கிடக்கிறது என்று பொருள். பைத்தானுக்கு மியூட்மட், ஜாவாவுக்குப் பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்பன உண்டு. அது மெதுவாக ஓடும், ஆகவே ஒவ்வொரு கமிட்டுக்கும் வேண்டாம். கொள்ளளவைக் கணிக்கும் கோப்புக்கு மட்டும், வெளியீடு ஒன்றுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இப்போது எண்ணைக் காட்டுவது பற்றி. கூகுளின் சோதனை வலைப்பதிவு 2020இல் தங்கள் உள்வழக்கத்தை எழுதியபோது, 60 சதவீதத்தை ஏற்கத்தக்கது என்றும், 75ஐப் பாராட்டத்தக்கது என்றும், 90ஐ எடுத்துக்காட்டானது என்றும் குறிப்பிட்டிருந்தது. எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும் ஒரே இலக்கு இல்லை என்பதையும் அங்கேயே வலியுறுத்தியிருந்தது. மறு முனையில் எஸ்கியூலைட் இருக்கிறது. நம் ஒவ்வொருவரின் கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கும் அந்தத் தரவுத்தளம், கிளைகளில் நூறு சதவீதத்தை எட்டியதோடு நில்லாமல், விமான மென்பொருளுக்குக் கேட்கப்படும் எம்சிடிசி என்ற கடுமையான அளவீட்டிலும் நூறு சதவீதத்தை எட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் அதை எழுதுபவர்கள் எழுந்தமானமான உள்ளீடுகளைக் கொட்டிப் பார்க்கும் ஃபஸ் சோதனையை விடாமல் நடத்துகிறார்கள். நூறு என்ற எண் அவர்களுக்கே போதவில்லை.

உங்கள் ரீட்மீயில் கவரேஜ் சின்னம் இருக்கட்டும் என்றே நான் சொல்வேன், ஆனால் எண்ணை ஏற்றுவதற்காக மட்டும் எந்தச் சோதனையையும் எழுதுவதில்லை என்று நால்வரும் பேசி முடிவெடுத்த பிறகு. அந்த முடிவு இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். 91 என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தால் அதை 95 ஆக்க வேண்டும் என்ற ஆசை தானாகவே வரும். அந்த ஆசைக்கு மிக எளிதான வழி, ஒன்றையும் சரிபார்க்காமல் வரிகளை மட்டும் ஓட வைக்கும் சோதனைகளை எழுதுவது. மாணவர்களின் திட்டங்களைப் பார்வையிடும்போது இதைத் திரும்பத் திரும்பக் கண்டு வருந்தியிருக்கிறேன். எண்ணுக்குப் பயன் இருக்கும் இடம் வேறு: 91ஆக இருந்தது ஒரே புல் ரிக்குவெஸ்டில் 84 ஆனால், புதிதாக வந்த நிரல் சோதனையின்றி வந்திருக்கிறது என்று உடனே தெரிகிறது. அந்த வீழ்ச்சியைக் காண்பதற்காகவே நான் அதை வைத்திருப்பேன்.

அந்தச் சின்னத்தை எப்படி உருவாக்குவது என்பதிலும் ஒரு சொல். கோட்கவ், கவரால்ஸ் போன்ற சேவைகளுக்கு அறிக்கையை அனுப்பினால் அவை சின்னத்தையும் தரும், வரி வரியாகப் பார்க்கும் வசதியையும் தரும். ஆனால் சோதனை ஓடும் இடத்தில் வெளியார் எழுதிய நிரலை ஓட விடுகிறோம் என்பதை மறக்காதீர்கள். கோட்கவ்வின் பாஷ் பதிவேற்றியை (அறிக்கையை அனுப்பும் சிறு நிரலை) யாரோ திருத்தி, 2021 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 1 வரை, அதை ஓட்டிய திட்டங்களின் சூழல் மாறிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடவுச்சொற்களும் டோக்கன்களும் இருப்பது அங்கேதான். பதிவிறக்கிய கோப்பின் கைரேகைத் தொகை (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) அறிவிக்கப்பட்டதோடு பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கண்டதால்தான் அது வெளிப்பட்டது. அதற்காக அத்தகைய சேவைகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சோதனை ஓடும் வேலையில் தரவுத்தளக் கடவுச்சொல் போன்றவற்றை வைக்காதீர்கள், வெளியார் அக்‌ஷன்களைப் பதிப்புப் பெயரால் அழைக்காமல் கமிட்டின் முழு அடையாள எண்ணால் பிணைத்து வையுங்கள்.

சிறிய திட்டத்துக்கு வெளிச் சேவையே இல்லாமலும் செய்யலாம். சோதனை முடிந்ததும் சிறிய ஜேசன் கோப்பு (தரவை எழுத்தாக வைக்கும் கோப்பு) ஒன்றை எழுதி, அதைப் பொதுவான முகவரி ஒன்றில் வைத்து, அந்த முகவரியை ஷீல்ட்ஸ் தளத்துக்குக் கொடுத்தால் அது சின்னமாக வரைந்து தரும். அமைப்புப் பதிப்பு எண் 1, இடப்பக்கச் சொல், வலப்பக்கச் செய்தி ஆகிய மூன்றும் அதில் இருந்தாலே போதும், நிறத்தை விரும்பினால் சேர்க்கலாம். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பில் இதுவும் தேவையில்லை. சோதனை அச்சிடும் வெளியீட்டில் சதவீதம் எங்கே இருக்கிறது என்று ஒரு தேடற்கோவையால் காட்டிவிட்டால் அதுவே சின்னத்தைத் தந்துவிடும்.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

பண்டாரிகுளம் அண்ணாவுக்கும் முத்தையன்கட்டு அக்காவுக்கும் நந்திக்கடலுக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா ஊகித்தது சரி. அந்தச் சார்புக்கு இருந்த ஒரே சோதனை, விடை வெறுமையாக இல்லை என்பதை மட்டுமே பார்த்தது. நேற்றிரவு அங்குலம் அங்குலமாக ஏற்றும் சோதனையை எழுதி, பழைய நிரலின் மேல் ஓட்டிப் பார்த்தோம். முதல் அடியிலேயே, 9 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்குப் போகும் இடத்தில் தோற்றது. திருத்திய நிரலின் மேல் ஓட்டியபோது முழுவதும் தேறியது. அந்த ஐயாவிடம் காட்டினோம், அவர் பொறுமையாக இருந்து பார்த்தார்.

ஒன்பது சின்னங்களில் இரண்டை மட்டும் விட்டிருக்கிறோம். பில்ட் சின்னம் மெயின் கிளைக்கும் புஷ் நிகழ்வுக்கும் மட்டும் கட்டுப்பட்டு, மாற்று உரையோடும் தொடுப்போடும் இருக்கிறது. கவரேஜ் சின்னத்தைக் கிளை அளவீட்டோடு இயக்கியபோது 91 என்பது 83 ஆனது. எங்களில் ஒருவர் அந்த எண்ணைப் பொதுவில் வைக்கத் தயங்கினார். நாங்கள் பேசி, 83ஐயே வைப்பது என்று முடிவெடுத்தோம். உரிமமும் பைத்தான் பதிப்பும் ஒரு வாக்கியமாகிவிட்டன.

இந்தத் திரியை வாசித்துக்கொண்டிருந்தபோது வேறோர் எண்ணமும் தோன்றியது. ரீட்மீயை வாசிப்பவர்கள் நிரல் எழுதுபவர்கள்தான். கமக்காரர்கள் பார்க்கும் பக்கத்தில் பில்ட் பச்சையா என்பதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. நீர்மட்டம் கடைசியாக எந்த நாளில் பதியப்பட்டது என்பதே அவர்களுக்கு வேண்டும். அக்கா சொன்ன ஜேசன் முறையிலேயே, "மட்டம் பதிந்த நாள்" என்று தமிழில் எழுதி, மூன்று நாளுக்கு மேற்பட்டால் மஞ்சளாகவும் ஒரு வாரத்துக்கு மேற்பட்டால் சிவப்பாகவும் மாறும்படி ஒரு சின்னத்தை அந்தப் பக்கத்தில் வைக்கலாமா?

கூடவே இன்னொரு கேள்வி. தரவு உள்ளிடும் பகுதிக்கான களஞ்சியத்தை நாங்கள் தனிப்பட்டதாக வைத்திருக்கிறோம். அதன் பில்ட் சின்னத்தைப் பொது ரீட்மீயில் வைத்தபோது எங்களுக்கு மட்டும் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

பதில்: பண்டாரிகுளம் (வவுனியா)

தனிப்பட்ட களஞ்சியத்தின் வேர்க்ஃப்ளோச் சின்னம் வெளியிலிருந்து எட்டாது, கிட்ஹப் அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. அதைச் சுற்றிப்போக வழி தேடாமல், பொது ரீட்மீயிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டுத் தனிப்பட்ட களஞ்சியத்தின் ரீட்மீயிலேயே வைப்பது நல்லது. அதைப் பார்த்து எதையாவது செய்யக்கூடியவர்கள் நீங்கள் நால்வர் மட்டுமே.

மட்டம் பதிந்த நாளைக் காட்டும் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தத் திரியிலேயே பயன்மிக்க சின்னம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஷீல்ட்ஸை நாட வேண்டாம். அது உங்கள் சொந்தப் பக்கம், நாளும் உங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. நந்திக்கடல் சொன்னபடி இணையம் தடுமாறும்போதும் தெரிய வேண்டுமென்றால், படமாக இல்லாமல் வெறும் எழுத்தாக, பக்கத்தோடு சேர்ந்தே வரும்படி அச்சிடுங்கள். "ஐந்து நாளுக்கு முன் பதிந்தது" என்று சொல்லாலும் எழுதுங்கள், நிறம் அதற்குத் துணையாக இருக்கட்டும். அந்த ஐந்து நாள் கணக்கை, பக்கம் உருவான நேரத்தில் எழுதி வைக்காமல், வாசிப்பவரின் கைத்தொலைபேசியிலேயே கணிக்க விடுங்கள். இல்லாவிட்டால் சேமித்து வைக்கப்பட்ட பழைய பக்கம் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, கிட்ஹப்பின் பில்ட் சின்னத்தின் முகவரிக்குள் வேர்க்ஃப்ளோக் கோப்பின் பெயர் இருக்கிறது. பின்னொரு நாளில் அந்தக் கோப்பின் பெயரை மாற்றினால், அதே கமிட்டிலேயே ரீட்மீயில் உள்ள முகவரியையும் மாற்றிவிடுங்கள்.